ஒன்பது ஆணியும் நிறைந்திருந்தது

ஞாயிற்றுக்கிழமை நாம் கூடும்போது கோச் சாருக்குப் பொன்னாடை போடலாமா கூடாதா என்று நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று நடந்த சண்டையை, காபி ஆறிப் போகிற வரைக்கும் உட்கார்ந்து படித்தேன். அடேயப்பா, அறுபதைத் தொட்ட பிறகும் உங்களுக்கு என்ன தொண்டை! ஒரு கட்சி, “கோச் சார் இல்லாட்டி நமக்கு ஓடவே தெரிஞ்சிருக்காது” என்கிறது. இன்னொரு கட்சி, “பச்சப் புள்ளைய மண்மேட்டுல விட்டுட்டு வந்த ஆளுக்குப் பொன்னாடையா?” என்று குதிக்கிறது. இரண்டு கட்சிக்கும் நடந்தது தெரியாது. தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி நான். இன்றைக்கு எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான், அதற்கு மேல் சமைக்கப் போவதில்லை. முழுக்கச் சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் கும்பிடுகிற கை, பூங்கொத்தெல்லாம் அனுப்பி என் ஓட்டத்தைக் கெடுக்காதீர்கள்.

நமக்கு அப்போது பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு. ஓட்டக்காரிகள் ஒன்பது பேர் என்று உங்களுக்கெல்லாம் எங்கள் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது, இல்லை என்று சொல்லாதீர்கள். கோச் சார் வாத்தியார் இல்லை, நிலக்கரி மைன்ஸ்காரர். ஓடி ஜெயித்ததால் வேலை கிடைத்தவர். செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் விடியற்காலை அவருக்கு ஓய்வு, அந்த ஓய்வு முழுக்க எங்களுக்கு. காது மடிப்பில் எப்போதும் பழுப்பாகக் கரித்தூசி படிந்திருக்கும். பேச்சு குறைவு, விசில் அதிகம். ஒரு தரம் ஊதினால் ஓடு, இரண்டு தரம் ஊதினால் நில், மூன்று தரம் ஊதினால் திரும்பி வா. எனக்கு அவர் மேல் பயமும் இருந்தது, பைத்தியமும் இருந்தது.

முந்தின வருஷம் மேட்டு ஓட்டத்தில் மலைப்பக்கத்துப் பிள்ளைகளிடம் கேவலமாகத் தோற்று வந்திருந்தோம். அவர்கள் படியேறுகிற மாதிரி ஏறிப் போனார்கள், நாங்கள் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நம் டவுன்ஷிப்போ தோசைக்கல் மாதிரி தட்டை. பிளாக்குக்குப் பிளாக் நேர் ரோடு, ரோட்டோரம் வரிசை மரம், ஒரு சைக்கிள்கூடத் தானாக உருளாது.

“நம்ம ஊர்ல மேடே இல்லியே சார், எங்க போய்ப் பழகறது?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

சார் மைன்ஸ் பக்கம் கையைக் காட்டினார். “அது என்ன? உங்கப்பனுங்க வருஷக் கணக்கா தோண்டிக் கொட்டினது. நம்ம மலைய நாமளே போட்டு வச்சிருக்கோம். நாளையிலேர்ந்து அங்கதான்.”

அப்படித்தான் கம்பி வேலியைத் தாண்டினோம். கரியை எடுப்பதற்காக மேலே இருக்கிற மண்ணை வெட்டி, பெல்ட்டில் ஏற்றி, கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி வளர்ந்த மண்மேடு. டவுன்ஷிப் பக்கம் வேலி, வேலியோரம் முந்திரி மரங்கள். ‘அனுமதியின்றி உள்ளே வராதீர்கள்’ என்று துருப்பிடித்த போர்டு. அந்த போர்டுக்குப் பக்கத்திலேயே, ஆடு மேய்க்கிறவர்கள் பிரித்து வைத்த ஒரு சந்து. முதல் நாள் அந்தச் சந்தில் குனிந்து நுழைந்தபோது என் நெஞ்சு அடித்த அடி இன்னும் காதில் கேட்கிறது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உள்ளே போட்டிருந்த அரைக்கால் சட்டையோடு, வெறுங்காலில் நின்றேன். கண்ணுக்கு முன்னால் சிவப்பும் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு மலை. நிஜ மலை!

“வீட்டுல கிரவுண்டுல ஓடறோம்னே சொல்லுங்க. பயந்துக்குவாங்க” என்றார் சார். நாங்கள் ஒன்பது பேரும் பெரிய ராணுவ ரகசியம் கிடைத்த மாதிரி தலையாட்டினோம்.

இப்போது இதை எழுதும்போது எனக்கு எரிகிறது. வீட்டில் சொல்லாதே என்று ஒரு பெரியவர் பிள்ளையிடம் சொல்கிற இடத்திலேயே கோளாறு ஆரம்பித்துவிடுகிறது. அவர் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் கேட்கவில்லை, கம்பெனியிலும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். பொன்னாடைக் கட்சிக்காரர்களே, இதையும் மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஐயோ, அந்த மேடு! ஏறுவது உயிர் போகிற வேலை. ஒரு காலை வைத்தால் அரைக்கால் சறுக்கும், வெள்ளைக் களிமண் விரல் இடுக்கில் வழுவழுவென்று ஏறும். “மேல பாக்காத, மூணடி முன்னால பாரு” என்று கீழேயிருந்து சத்தம் வரும். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் காற்று முகத்தில் அறையும். ஒரு பக்கம் பவர் ஹவுஸின் புகைபோக்கிகள், ஒரு பக்கம் வடக்குத்து கிராமத்துக் கூரைகளும் முந்திரித் தோப்புகளும், வெகு தூரத்தில் பச்சையாக வயல். சேத்தியாத்தோப்பு வரைக்கும் தெரிகிறது என்று நாங்கள் பந்தயம் கட்டினோம். காலை ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும்போது மேலே நின்றால், அந்தச் சத்தம் காலுக்குக் கீழேயிருந்து வருகிற மாதிரி இருக்கும். நாங்கள் ஒன்பது பேரும் அதோடு சேர்ந்து ஊளையிடுவோம்.

இறங்குவதற்கு வழி கண்டுபிடித்தவள் என் கூட்டாளி. வடக்குத்திலிருந்து வந்து படித்தாளே, எங்கள் எல்லோரையும்விட ஒல்லி, எங்கள் எல்லோரையும்விட வேகம், அவள்தான். அவள் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, கொஞ்சம் நிலமும் உண்டு. ஒரு நாள் வீட்டிலிருந்து காலி யூரியா சாக்கு ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்தாள்.

“இன்னாடி இது?”

“உக்காந்து பாரு, தெரியும். முன்னால மடிச்சுப் புடிச்சுக்க. கால தூக்கிக்கினே இரு, ஊனிடாத!”

என்னை உட்கார வைத்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள் பாருங்கள்! வயிறு மேலேயே தங்கிவிட்டது, நான் மட்டும் கீழே போனேன். கண்ணில் நீர், வாயில் மண், காதில் விர்ரென்று காற்று. அடியில் போய்ப் புரண்டு எழுந்து, சிரிப்பை அடக்க முடியாமல் அங்கேயே மல்லாந்து கிடந்தேன். பிறகு கல்யாணம் ஆனது, வேலைக்குப் போனேன், விமானத்தில்கூடப் பறந்தாயிற்று. அந்தச் சறுக்கலுக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

சார் திட்டுவார் என்று பார்த்தோம். அவரோ, “எட்டு ஏத்தம் முடிச்சா ஒரு சறுக்கு” என்று அதையே கூலியாக்கிவிட்டார். ஒரே நிபந்தனை. “முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் தலைகூட வச்சுப் பாக்கக் கூடாது. அங்க கொட்டினது புது மண்ணு, இன்னும் உக்காரல.” மண் உட்காருவது என்றால் இறுகுவது. எங்கள் அப்பாக்கள் வீட்டில் பேசுகிற பேச்சுத்தான், எங்களுக்குப் புரிந்தது.

இதற்குப் பிறகுதான் பலகை வந்தது. மைன்ஸில் உள்ளே போகிறவர்களுக்கு டோக்கன் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யார் உள்ளே, யார் வெளியே என்பது டோக்கனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சார் அதே மாதிரி எங்களுக்கும் செய்தார். வொர்க்ஷாப்பில் யாரையோ பிடித்து, பெரிய இரும்பு வாஷர்களில் ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் குத்தி வாங்கி வந்தார். சணல் கயிற்றில் கோத்து ஆளுக்கொன்று கழுத்தில். முந்திரி மரத்தில் ஒரு பலகை, பலகையில் ஒன்பது ஆணி. வேலியைத் தாண்டும்போது வாஷர் கழுத்தில், மேட்டிலிருந்து திரும்பி வந்ததும் ஆணியில். ஒன்பது ஆணியும் நிறைந்தால் எல்லோரும் வந்தாயிற்று. எனக்கு ஆறு, என் கூட்டாளிக்கு ஏழு. ஓடும்போது நெஞ்செலும்பில் டிங் டிங்கென்று இடிக்கும் அந்த வாஷரை நாங்கள் தங்கச் செயின் மாதிரி நினைத்துத் திரிந்தோம்.

நல்ல ஏற்பாடுதானே? நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோச் ஆயிற்றே, அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கடைசியாக மாட்டுகிறவள் கிரவுண்டை இரண்டு சுற்று கூட ஓட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். அவ்வளவுதான், பலகை பந்தயமாகிவிட்டது. மாட்டியவள் நிற்க மாட்டாள், வேலிச் சந்தில் பாய்ந்து கிரவுண்டுக்கு ஓடிவிடுவாள், அங்கிருந்து அப்படியே வீட்டுக்கு. சார் கடைசியாக வந்து ஆணிகளைப் பார்ப்பார், சைக்கிளை எடுப்பார். பிள்ளைகளின் உயிரை எண்ணுவதற்கு வைத்ததை, பிள்ளைகளை விரட்டுவதற்கு வைத்துக்கொண்டார். அது அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது, பஸ்ஸைத் தவறவிட்ட சிநேகிதருடைய டோக்கனைத் தானே எடுத்துச் சமாளித்த கதையைச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். கூட்டாளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு சொல்வதைப் பிள்ளைகள் எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

ஐப்பசி மாதம். போட்டிக்கு இன்னும் பத்து நாள். வானம் விடியும்போதே கறுத்திருந்தது. எட்டாவது ஏற்றத்தை முடித்து உச்சியில் நின்றபோது என் கூட்டாளி என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“பாருடி! எம்மாம் நீளம்! ஒரு மேடு பள்ளம் இல்ல. வழுக்கிக்கினு போயிடலாம்.”

பார்த்தேன். இஸ்திரி போட்டது போல் சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டே போயிற்று. எனக்கும் நாக்கு ஊறியது. பொய் சொல்லவில்லை, நானும் போயிருப்பேன். ஆனால் அதற்குள் முதல் தூறல் விழுந்தது, கீழே விசில் மூன்று தரம் ஊதியது. மற்ற ஏழு பேரும் அப்போதே பாதி மேடு இறங்கியாயிற்று.

“வாடி, கடைசியா மாட்டினா ரெண்டு சுத்து” என்றேன்.

அவள் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி என் கையில் திணித்தாள். “இந்தா, என்னுதையும் சேத்து மாட்டிடு. ஒரே ஒரு வாட்டி போயிட்டு, அடிவாரத்தச் சுத்திக்கினு வந்துடறேன். நீ வூடு போறதுக்குள்ள உன்னப் புடிச்சுடுவேன் பாரு!”

பிடித்துவிடுவாள், அவள் கால் அப்படி. நான் வாங்கிக்கொண்டு ஓடினேன். அவள் சாக்கை உதறுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. முந்திரி மரத்தடியில் ஆறை ஆறில் மாட்டினேன், ஏழை ஏழில் மாட்டினேன். ஒன்பதும் நிறைந்துவிட்டது. மழை கொட்ட ஆரம்பித்தது. சந்தில் பாய்ந்து ஓடும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். சார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் குனிந்து நின்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு சைக்கிளில் ஏறினார்.

அவள் தினமும் பள்ளிக்கூடப் பையை எங்கள் குவார்ட்டர்ஸில் வைத்துவிட்டு வருவாள். ஓட்டம் முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து போவோம். அன்று நான் மட்டும் நனைந்து போய் நின்றேன். என் அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

“எங்கட்டி அவ? அவளுக்கும் சேத்துல்லா தோச ஊத்தி வச்சிருக்கேன்.”

“மழ வருதுன்னு அவங்க வீட்டுக்குப் போயிட்டாம்மா.”

“பை இங்கன கெடக்கு. பையில்லாமலா போனா?”

“நான் கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்.”

அந்தப் பொய்யைச் சொல்லும்போது அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள். அவள் பங்குத் தோசை இரண்டையும் நானே தின்றேன். பசி அப்படி. இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு போய் அவள் பையை பெஞ்சில் அவள் இடத்தில் வைத்தேன். டீச்சர் பையைப் பார்த்துவிட்டு அவளுக்கும் வருகை போட்டுவிட்டார். பலகையில் அவள் டோக்கன் இருக்கிறது, பெஞ்சில் அவள் பை இருக்கிறது, ஆஜர் புத்தகத்தில் அவள் இருக்கிறாள். அவள் மட்டும்தான் இல்லை. முதல் பீரியடில் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டாவது பீரியடில் கதவைப் பார்த்தேன். மூன்றாவதில் அவள் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பத்தரை மணிக்கு அவள் அப்பா தூக்குவாளியோடு வந்தார். மழை நாளில் மகளுக்குச் சுடு சோறு கொண்டுவந்து கொடுப்பார். வராந்தாவில் நின்றுகொண்டு, “எங்க பாப்பாவக் கொஞ்சம் கூப்புடுங்களேன்” என்றார். அப்போதுதான் டீச்சர் நிமிர்ந்து பையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார்.

ஆள் அனுப்பி கோச் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் கையில் சாவிக் கொத்தோடு, ஷிஃப்டுக்குக் கிளம்புகிற சட்டையோடு வந்தார். “டோக்கன் மாட்டியிருக்குங்க. ஒன்பதும் நானே எண்ணினேன். மேட்டுலேர்ந்து வந்துட்டா, வந்து எங்கயோ போயிருக்கா” என்றார். எந்த டோக்கன், எதற்கு வேலி, என்ன மண்மேடு என்று அப்போதுதான் ஹெட்மிஸ்ட்ரஸுக்கே தெரிந்தது. ஆனாலும் டோக்கன் இருக்கிறது என்கிற வார்த்தையை எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர் ஜனம் வேறு எதை நம்பும்? ஒரு டீச்சர், “வடக்குத்துப் புள்ளதான, மழையில எங்கயாவது முந்திரித் தோப்புல நின்னுகிட்டிருக்கும்” என்றார். அவள் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வாளியை வராந்தாவில் வைத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஆள், வடக்குத்து ரோட்டுக்கு ஒரு ஆள், தோப்புப் பக்கம் ஒரு ஆள் என்று ஓடினார்கள். மண்மேட்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. ஏன் போக வேண்டும்? நான் மாட்டிய டோக்கன்தான் எல்லோரையும் வேறு பக்கம் அனுப்பிவிட்டதே.

ஒரு மணி நேரம். ஒரு முழு மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார், டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள், அதெல்லாம் எனக்குப் பெரிதாக இருந்தது. பதிமூன்று வயது புத்தியை நான் மன்னித்துவிடலாம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எனக்கு இன்றுவரை மன்னிக்க வரவில்லை.

கோச் சார் தோப்பிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன். “சார், ஏழு நான் மாட்டினது” என்றேன். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

“எங்க?”

“பின்பக்கம் சார். புது மண்ணுல.”

அப்படியே என்னைத் தூக்கி சைக்கிள் பாரில் உட்கார வைத்து மிதித்தார் பாருங்கள்! அந்த சைக்கிள் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. வழியில் ரோட்டோரம் தேடிக்கொண்டு வந்த அவள் அப்பாவைப் பார்த்து, “மேட்டுக்குங்க, மேட்டுக்கு!” என்று கத்தினார். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வேலிச் சந்து, முந்திரி மரம், பலகை. மழையில் நனைந்து ஒன்பது வாஷரும் பளபளவென்று தொங்கின. அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். நான் அவள் பெயரைச் சொல்லி அலறினேன். பதில் இல்லை. மறுபடி அலறினேன்.

“இங்கடி...”

அத்தனை சின்னக் குரல். பின்பக்கச் சரிவின் அடியில் மழைத் தண்ணீர் தேங்கிக் குழைந்து கிடந்தது. அதற்குள் இடுப்பு வரைக்கும் இறங்கி, தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைச் சேறு முகத்தில் அப்பியிருந்தது. அவளுக்கு மேலே சரிவிலிருந்து பொத்து பொத்தென்று மண் கட்டி கட்டியாக விழுந்துகொண்டிருந்தது.

சார் பாய்ந்து இறங்கப் போனார். அவள் அப்பா அவர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். “எறங்காதீங்க! நீங்களும் மாட்டிக்குவீங்க. சேத்துல நின்னுகினு இழுக்க முடியாது, படுக்கணும்.” சேற்றில் வேலை செய்கிறவர் அவர்தானே. சுற்றிலும் பார்த்து, மண் ஏற்றுகிற பெல்ட்டின் பழைய ரப்பர் துண்டு ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடந்ததைக் காட்டினார். மூன்று பேரும் சேர்ந்து பிடுங்கினோம். எனக்கு நகம் பெயர்ந்தது, வலிக்கவே இல்லை. பெல்ட்டைச் சேற்றின் மேல் விரித்து அவள் அப்பா குப்புறப் படுத்து ஊர்ந்து போனார். சார் அவர் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார். நான் சார் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“பாப்பா, கால ஆட்டாத. மல்லாக்கச் சாயி. அப்பா மேல சாயி. அவ்ளோதான், அவ்ளோதான், வந்துடுச்சு கண்ணு, வந்துடுச்சு!”

சளக்கென்று ஒரு சத்தம். வந்தாள்! ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவளைத் தூக்கி நாங்கள் பத்து அடி விலகுவதற்குள் அவள் நின்ற இடத்தில் மேலேயிருந்த மண் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. குழி இருந்த அடையாளமே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சார் நின்றுகொண்டே அழுதார்.

என் கூட்டாளி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

“டோக்கன மாட்டிட்டியாடி?”

“மாட்டிட்டேன்டி” என்றேன். அதை அவள் அப்பாவும் கேட்டார். ஆனால் மகளின் காலைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்த அவருக்கு அது மனதில் ஏறியிருக்காது.

சாயங்காலம் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் விசாரணை. கம்பெனி ஆட்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள், அப்பாக்கள். நாங்கள் ஒன்பது பேரில் எட்டு பேர் சுவரோரம் நின்றோம். யார் அந்த டோக்கனை மாட்டியது என்று கேட்டார்கள். வாயைத் திறந்தேன், சார் என்னைப் பார்க்காமலேயே முந்திக்கொண்டார். “அதக் கேக்காதீங்க. பலகையப் பாத்தேன், புள்ளைங்களப் பாக்கல. வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனது நான். எண்ண வேண்டியதும் நான்தான்.” ஆஸ்பத்திரியில் என் கூட்டாளியைக் கேட்டார்கள். “நானாதாங்க இருந்துட்டேன்” என்று சொல்லி முடித்துக்கொண்டாளாம். அவர் விசிலைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நம் யாருக்கும் கோச் இல்லை. அவர் அந்தப் பலகையைப் பிடுங்கி எறிவதற்கு முன்னால் நான் போய் ஏழாம் நம்பரை மட்டும் எடுத்து வந்துவிட்டேன். இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

ஆக, இவருக்குப் பொன்னாடையா என்று கேட்ட கட்சிக்காரர்களே, அவர் பிள்ளையை விட்டுவிட்டு வந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் எண்ணாமல் வரவில்லை, நான்தான் தப்பாக எண்ண வைத்தேன். பொன்னாடைக் கட்சிக்காரர்களே, அவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டது தியாகம் என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். அது அவர் பழிதான். பெரியவர் அவர்தான். பதிமூன்று வயதுப் பிள்ளை புத்தி கெட்டு எதை மாட்டினாலும், தலையை எண்ணியிருந்தால் எட்டு என்று தெரிந்திருக்கும். என் பழி வேறு. அது அந்த ஒரு மணி நேரம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து இத்தனை வருஷம் அவர் தலையில் மட்டும் வைத்துவிட்டோம். அதனால்தான் இன்று சொல்கிறேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் ஒரு குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. திரும்பினால், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வேகமாக வருகிறாள். நொண்டிக்கொண்டும் அந்த வேகம்! கட்டிப் பிடித்துக்கொண்டோம். அன்றைக்குப் பிறகு அவள் அப்பா அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை, உங்களுக்குத் தெரியும். நீங்களும் நானும் பத்தாவது, பன்னிரண்டாவது என்று போய்விட்டோம்.

நான் அழுதுகொண்டே அந்த டோக்கன் பேச்சை எடுத்தேன். “அட சீ, நான்தானே குடுத்தேன், நீ இன்னா பண்ணுவ?” என்று சிரித்தாள். கோச் சார் ரிட்டயர் ஆகி வடக்குத்திலேயே வீடு கட்டியிருக்கிறாராம். “எங்க வூட்டுக்கு ரெண்டு தெரு தள்ளிதான். என்னப் பாத்தா இப்பவும் தலையக் குனிஞ்சுக்குவாரு. நான்தான் ‘சாப்ட்டீங்களா சார்’னு கேட்டுகினு போவேன்” என்றாள். அவள் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி நின்று கேட்டாள்.

“நீங்கள்லாம் கூடறீங்களாமே, அவருக்கு மால போடப் போறீங்களாமே? போடுங்க, போடாம இருங்க, அது உங்க இஷ்டம். என்னைய ஏன்டி எண்ணல?”

பஸ் போய்விட்டது.

நேற்று உங்கள் சண்டைக்கு நடுவில் நம் லிஸ்ட் போடுகிறவர் எழுதியிருந்தார்: நாற்பத்திரண்டு பேர், எல்லோரும் சேர்ந்தாயிற்று, லிஸ்ட் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு பஸ் கிளம்பும். கீழே நீங்கள் எல்லோரும் கட்டை விரலைத் தூக்கியிருக்கிறீர்கள். நானும் தூக்கியிருக்கிறேன். பலகையைப் பார்த்துவிட்டு மறுபடியும் சைக்கிளை எடுத்துவிட்டோம்.

எல்லோரும் வரவில்லை. ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வடக்குத்துக்குப் போகிறேன், கையில் ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டு. அவளை நானே கூட்டிக்கொண்டு வருவேன். கொஞ்சம் தாமதமாகலாம், அவளுக்கு மழை நாளில் கால் வலிக்கும். நாங்கள் இரண்டு பேரும் படியேறுகிற வரைக்கும் அந்த பஸ்ஸை எடுக்காதீர்கள்.